மூன்றரை மணிக்குள் தீர்ந்துபோன சார்ஜ்

சண்டை என்றால் சமாதானம் சொல்லவும், சங்கடம் என்றால் சடுதியில் வந்து நிற்கவும் தெரிந்த பெரியவர், இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நல்லதம்பி அண்ணாச்சி அவர்களே! மேடைக்கு மேன்மை சேர்க்கும் மேலகரத்துப் பெரியோர்களே! இலத்தூரிலிருந்தும் ஆய்க்குடியிலிருந்தும், அடிக்கிற சாரலுக்குக் குடையைச் சாய்த்துப் பிடித்தபடி அலை அலையாய் வந்து அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! திருப்புளி பிடித்துத் தழும்பேறிய கைகளால் இன்று கைதட்டக் காத்திருக்கும் என் தொழில் தோழர்களே! நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல், சுவரோரத்துப் பிளக்கில் போனைச் செருகிவிட்டு அதற்குக் காவல் நின்றுகொண்டிருக்கும் அன்பர்களே! உங்கள் எல்லோருக்கும், அமர்ந்தவர்க்கும் நின்றவர்க்கும், இந்த ரூபியின் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

மேலகரம் மெயின் ரோட்டில் பதினான்கு ஆண்டுகளாகச் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவள் நான். சீசனுக்கு வருகிறவர்கள் இலவசமாகச் சார்ஜ் போட்டுக்கொள்ள, குற்றாலத்தில் நம் செல்போன் வியாபாரிகள் சங்கம் அமைத்திருக்கும் நிலையத்தை நாளைக் காலை திறக்கப்போகிறோம். அதை வாழ்த்திப் பத்து நிமிடம் பேசு என்று அண்ணாச்சி ஆணையிட்டார். அதோ, கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர் ஸ்டான்லி ஐந்து விரலைக் காட்டுகிறார். மேடையில் பத்து என்றால் வீட்டில் எனக்குப் பாதிதான் அனுமதி.

கைப்பேசி இல்லாத கை உண்டா இன்று? கவலை இல்லாத கைப்பேசி உண்டா? பத்து சதவீதம் என்று சிவப்புக் கோடு காட்டினால், பத்து மைல் ஓடிவந்தவர்போல் மூச்சு வாங்குகிறோமே, ஏன்? அந்தச் சின்னக் கட்டத்துக்குள் இருப்பது வெறும் மின்சாரமா? இல்லை, பெரியோர்களே, இல்லை! சவூதியில், தமாமில் இருக்கும் மகனின் குரல் இருக்கிறது அதற்குள். தலைப்பிரசவத்துக்குச் சேர்த்திருக்கும் மகளின் செய்தி இருக்கிறது. கடலுக்கு அப்பால் பிழைக்கப்போனவன், தன் பிள்ளை குப்புற விழுந்ததைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறது. சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று ஒருவர் என் கடைக்கு ஓடிவந்தால், "இதுக்கா இம்புட்டு அவசரம்?" என்று நான் சிரிப்பதில்லை. முன்பு சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

முதலில் நம் ஊர்க் கைப்பேசிகளின் கஷ்டத்தைக் கேளுங்கள். மற்ற ஊரில் போனுக்கு வெயில் ஒன்றுதான் பகை. இங்கேயோ எண்ணெயும் பகை, சாரலும் பகை! மதுரையிலிருந்து வந்த ஒருவர், உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து அருவிக்குப் புறப்பட்ட நேரத்தில் வீட்டம்மா கூப்பிட்டுவிட்டார். எடுக்காமல் இருக்க முடியுமா? அண்ணாச்சிமார்களே, முடியுமா? எடுத்தார், பேசினார், எண்ணெய்க் கையாலேயே சார்ஜரையும் குத்தினார். மறுநாள் என் கடையில் வந்து, "மேடம், சார்ஜர் ஒரு நிலையில நிக்க மாட்டேங்குது, வழுக்கிட்டு வருது" என்றார். ஓட்டைக்குள் குச்சியை விட்டால், தூசியும் எண்ணெயும் குழைந்து கருப்பாக வருகிறது. போனுக்கும் எண்ணெய்க் குளியல் நடந்திருக்கிறது! சுத்தம் செய்து கொடுத்தேன். வணங்கிவிட்டுப் போனார்.

சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். அது சிரிக்கிற கதை. அடுத்தது அப்படி அல்ல.

அருவிக்கரைக் கடைகளில் தொங்குமே, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறை, தெரியுமா? போனை உள்ளே போட்டு வாயை இறுக்கினால் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது. மொத்தமாக இறக்கி விற்பவர் நம் தலைவர்தான். முகத்தைத் திருப்பாதீர்கள் அண்ணாச்சி, உங்களைக் குறை சொல்ல வரவில்லை. உங்களிடம் வாங்கி என் கடையில் விற்றவள் நான். சென்ற ஆண்டு சீசனில், எங்கள் தெருவில் குடியிருக்கும் ஹைருன் பீவி அக்காவிடம் ஓர் உறையை விற்றேன். "போன்ல சாரல் படாம பாத்துக்கிடுங்க அக்கா" என்று சொல்லித்தான் விற்றேன். ஆனால் போனை அதற்குள் வைத்துச் சார்ஜ் போடக்கூடாது என்று சொன்னேனா? சொல்லவில்லை. யார் அப்படிச் செய்வார்கள் என்று நினைத்துவிட்டேன்.

அக்காவின் மகன் மசூது தமாமில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்க்கிறார். அவர் மனைவி மாஜிதா, இலத்தூர்ப் பெண். கல்யாணமாகி நாற்பது நாளில் அவர் விமானம் ஏறினார். ஆறு மாதம் கழித்து ஒரு நல்ல போன் வாங்கி, ஊருக்கு வந்தவர் கையில் மனைவிக்குக் கொடுத்தனுப்பினார். அங்கே மதியச் சாப்பாட்டு வேளை, இங்கே பிற்பகல் மூன்றரை மணி. தினமும் அந்த மூன்றரைக்கு அழைப்பு வரும். கணவனும் மனைவியும் முகம் பார்த்துப் பேச அந்த அரை மணி நேரம்தான் அவர்களுக்கு வாய்த்த இல்லறம்.

இந்த ஆண்டு ஆனி பிறந்ததும் அந்தப் போனுக்கு என்னவோ ஆனது. காலையில் நூறு காட்டும். மூன்றரைக்கு மசூது கூப்பிட்டால் அணைந்து கிடக்கும். ஒரு நாள் பொறுத்தார். இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் இரவு, போன் மறுபடி உயிர் பெற்றதும் கேட்டார்: "காலைல நூறு இருந்துச்சுன்னு சொல்லுத, மூணரைக்குள்ள எங்க போச்சு? அம்புட்டு நேரம் யார்ட்ட பேசுத?"

தாய்மார்களே! இந்தக் கேள்வியின் கனம் உங்களுக்குத் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குக் கண்ணில் தெரிவது அந்த எண் ஒன்றுதான். அவனையும் நான் பழிக்கவில்லை. தனிமையில் கிடக்கிற மனது தானாகவே எதையாவது கட்டிக்கொள்ளும், பாவம்.

மாமியாரும் மருமகளும் போனை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். கடையில் நாலு பேர் நின்றார்கள். நான் வேறொரு போனுக்கு ஈயப்பற்று வைத்துக்கொண்டிருந்தேன். கையை எடுத்தேனா? இல்லை. போனை வாங்கித் திறந்தேனா? இல்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல், சிரித்துக்கொண்டே சொன்னேன்: "அக்கா, உங்க மருமவ ரொம்பப் பேசுதா போலுக்கு! போனைக் கொஞ்சம் கீழ வைக்கச் சொல்லுங்க, சார்ஜ் தன்னால நிக்கும்." நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். மாஜிதா சிரிக்கவில்லை. போனை எடுத்துத் முந்தானைக்குள் பொத்திக்கொண்டு இறங்கிப்போனாள்.

என் வாயிலிருந்து வந்தது ஒரு வேடிக்கைப் பேச்சு. அது அந்த வீட்டுக்குள் போய் ஒரு தீர்ப்பாக உட்கார்ந்துவிட்டது. "கடைக்காரியே சொல்லிட்டா" என்று தாய் மகனிடம் சொன்னார். மகன் மனைவியிடம் சொன்னார்: "போனை உம்மாட்ட குடுத்துரு. உனக்கு இனி போன் வேண்டாம்." அவள் அந்த நிமிடமே மாமியார் கையில் வைத்துவிட்டாள்.

பத்து நாள் போனது. ஒருநாள் ஹைருன் பீவி அக்கா தனியாகக் கடைக்கு வந்தார். முகம் சரியாக இல்லை. போனை மேசையில் வைத்தார்.

"ரூபி, பத்து நாளா இது என் பீரோவுக்குள்ளதான் இருக்கு. சாவி என் இடுப்புல இருக்கு. காலைல எடுத்து சார்ஜ் போடுதேன், நூறு ஆனதும் உள்ள வச்சுப் பூட்டுதேன். ஒருத்தரும் தொடல. ஆனாலும் மூணரைக்கு எடுத்தா செத்துக் கெடக்கு. இப்பச் சொல்லு, பீரோவுக்குள்ள இருந்து யாரு பேசுதா?"

பெரியோர்களே! அப்போதுதான், அப்போதுதான் நான் அந்தப் போனைத் திறந்தேன். பின்பக்க மூடி தானாகவே கழன்று வந்தது. உள்ளே பேட்டரி பூரிபோல் உப்பிக் கிடந்தது. "அக்கா, இத எங்கன வச்சு சார்ஜ் போடுதிய?" என்று கேட்டேன். அவர் பெருமையாகச் சொன்னார்: "சன்னலோரத்துப் பிளக்குலதான். அங்கன சாரல் அடிக்கும்லா? அதான் நீ குடுத்த உறைக்குள்ள போட்டு, வயரை மட்டும் வெளிய விட்டு, வாயில ரெண்டு துணிக் கிளிப்பப் போட்டு இறுக்கிருவேன். மேல ஒரு துண்டையும் மூடிருவேன். ஒரு வருசமா நான்தான் போடுதேன். எம் மவன் வாங்கிக் குடுத்ததுல்லா!"

சார்ஜ் ஏறும்போது போன் சூடாகும். அந்தச் சூடு வெளியேற வழி வேண்டும். காற்றுப் புகாத உறைக்குள், துண்டுக்குக் கீழே, ஓராண்டு அது வெந்திருக்கிறது. வெந்த பேட்டரி நூறு என்று காட்டும். அந்த நூறில் உள்ளது முப்பதுகூடத் தேறாது. பழுது மாஜிதாவிடம் இல்லை. பழுது வந்தது வெறுப்பாலும் இல்லை. பிள்ளை வாங்கித் தந்த பொருள் நனைந்துவிடக்கூடாதே என்ற ஒரு தாயின் பாசத்தால் வந்தது.

விளக்கிச் சொன்னேன்.  அக்கா மெதுவாகச் சொன்னார்: "அவ துணிமணிய எடுத்து வச்சிட்டா ரூபி. வெள்ளிக்கிழம இலத்தூருக்குப் போறேன்னு சொல்லுதா. இனி வருவாளான்னு எனக்குத் தெரியல."

புதுப் பேட்டரி போட்டேன். என் கடையில் நின்றபடியே அக்கா மகனை அழைத்தார். அந்தப் பேச்சை அப்படியே சொல்கிறேன்.

"ஏலே மசூது, தப்பு என் மேலதாம்லே. நான்தான் உறைக்குள்ள போட்டு அவிச்சிருக்கேன். உன் பொண்டாட்டி ஒருத்தர்ட்டயும் பேசல. பூட்டி வச்சுப் பாத்துட்டேன். நாம ரெண்டு பேரும் அவள என்னமெல்லாம் நினைச்சுட்டோம்லே!"

அந்தப் பக்கமிருந்து "உம்மா, அவகிட்ட குடுங்க" என்று ஒரு குரல். "அவ இங்கன இல்லலே. வீட்டுக்குப் போயித் தாரேன். பேசுவாளோ, பேச மாட்டாளோ, அது அவ இஷ்டம்" என்றார் அக்கா. மகன் பக்கம் சாயாமல் மருமகள் பக்கம் நின்ற அந்தத் தாயை, இந்த மேடையிலிருந்து கைகூப்பி வணங்குகிறேன். இந்தக் கதையை ஊரறியச் சொல் என்று எனக்கு உத்தரவு தந்தவரும் அவரே.

அக்கா தந்த போனோடு மாஜிதா வெள்ளிக்கிழமை இலத்தூர் போனாள். போகத்தானே செய்வாள்? மசூது கூப்பிட்டார், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார், எடுக்கவில்லை. எட்டாம் நாள் எடுத்தாள். அவர் மன்னிப்புக் கேட்டார். தன் போன் தன் கையில் இருக்கும், இனி யாரும் சதவீதம் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். அப்படிச் சொல்ல எத்தனை தைரியம் வேண்டும்!

சென்ற வாரம் கடைக்கு வந்தாள். வேறு யாரும் இல்லாத நேரம். நான் எழுந்து, "என்ன மன்னிச்சிரு மாஜிதா" என்றேன். அவள் கோபப்படவில்லை. அமைதியாகச் சொன்னாள்: "அக்கா, சொல்லும்போது நாலு பேர் முன்னால சொன்னிய. மன்னிப்ப மட்டும் ஆளில்லாதப்ப கேக்குதிய?"

அவையோரே! பேட்டரியை இருபது நிமிடத்தில் மாற்றினேன். அந்தக் கேள்வியை ஒரு வாரமாகச் சுமந்துகொண்டுதான் இந்த மேடை ஏறியிருக்கிறேன்.

என் தொழில் தோழர்களே, திறந்து பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நம் மேசைக்கு வருவது போன் மட்டுமல்ல, ஒரு வீட்டின் நிம்மதியும் சேர்ந்துதான் வருகிறது. தாய்மார்களே, உறைக்குள் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள், மூடி உப்பினால் அழுத்தாதீர்கள், உடனே கொண்டுவாருங்கள். அயல்நாட்டில் உழைக்கும் தம்பிமார்களே, யாராவது இதைப் படம்பிடித்து அனுப்பினால் கேளுங்கள்: போன் அணைந்தால் "போனுக்கு என்ன?" என்று கேளுங்கள். "யார்ட்ட பேசுத?" என்று கேட்காதீர்கள். சார்ஜ் குறைந்தது சார்ஜ் குறைந்ததற்கு மட்டுமே சாட்சி. ஒரு பெண்ணின் நடத்தைக்கு அது சாட்சி ஆகாது, ஆகாது, ஒருநாளும் ஆகாது!

ஸ்டான்லி, விரலை மடக்குங்கள், முடித்துவிடுகிறேன். பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், கண் கலங்கிய தாய்மார்க்கும், தன் சரக்கைப் பற்றி நான் பேசியும் ஒலிபெருக்கியை நிறுத்தாத தலைவர் அவர்களுக்கும் நன்றி. நாளை திறக்கும் நிலையம் நன்றாக நடக்க என் வாழ்த்து. எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு வணக்கம் மட்டும் தனியே. மூன்றாவது வரிசையில், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாயே, மாஜிதா! நாலு பேர் முன்னால் சொன்னதை இன்று நானூறு பேர் முன்னால் திருத்துகிறேன். நீ அதிகம் பேசவில்லையம்மா. அதிகம் பேசியவள் நான். என்னை மன்னித்துவிடு.