பேன் தலையணை

சிங்கப்பெருமாள் கோவிலில் நான் ஏறிய ஷேர் ஆட்டோவில் எதிரே இரண்டு பெண்கள், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு. ஒரே ஹாஸ்டல் அறை என்பது பேச்சில் தெரிந்தது.

"என் தலையில ஒரு பேன்கூட கெடையாதுக்கா. ஹாஸ்டல் பூரா ஏன் அப்படிச் சொன்னிய?" என்றாள் இளையவள். பக்கத்திலிருந்தவர் சற்றே தள்ளி உட்கார்ந்தார்.

மூத்தவள் திருப்பிக் கேட்டாள். "சங்கிலிய அப்பா கைல குடுத்துட்டியா?"

"நேத்தே ஊருக்குக் கொண்டு போயிட்டாவ. அது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உன் தலகாணி உறைய தோய்க்க எடுத்தேன். பஞ்சுக்குள்ள சங்கிலி கைல தட்டுச்சு. நம்ம ரூம்ல ஷிஃப்ட் முடிச்சு வர்றவ எந்தத் தலகாணி கெடைக்குதோ அத்த போட்டுக்கினு தூங்குறா. பேன்னு சொன்னா எவ தொடுவா?"

இளையவள் மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி கல்யாணத்துக்குன்னு ஓவர்டைம் பாத்து வாங்குனதுக்கா. ஒங்களப் போயி மனசுக்குள்ள எம்புட்டு ஏசுனேன்."

"வுடு. பேன் போயிடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"ஐயோ, வேண்டாம்க்கா. அடுத்து கம்மல் வாங்கணும்."