செவலையின் தனி ஓட்டம்

— “1954 அக்டோபர் 31, ஞாயிறு. புதுச்சேரி. இரண்டு வயது ஜாதிக் குதிரைகளின் பந்தயம். ஓடுவது ஒன்று.” குதிரைப் பந்தயக் கிளப்புக் கணக்கர் நீங்க, பலகையில இப்பிடியா எழுதுவீங்க, முசியே வைத்திலிங்கம்?

— வேற எப்பிடி எழுதறது, தனக்கொடி? நாளைக்குப் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறுது. துரைங்க குதிரைங்களைக் கப்பல் ஏத்திட்டாங்க. உன் செவலை ஒண்ணுதான் மிச்சம்.

— அதுக்கு?

— அலோர், சரி, கிளப் சட்டம் என்ன? எதிரி இல்லேன்னா குதிரை நடந்தே கோட்டைத் தாண்டலாம். கோப்பை உனக்கு. இன்னியோட இந்தப் பந்தயத்துக்கு முழுக்கு.

— மீன்காரி குதிரை நடந்தே ஜெயிச்சுதாம்னு முத்தியால்பேட்டையே சிரிக்கும்.

— சிரிச்சா என்ன? கோப்பை வெள்ளி.

— வெள்ளியை நீங்களே வெச்சுக்குங்க. கோணக்கால், ஓடாதுன்னு துரை கழிச்சுவிட்ட குட்டியை வாங்கி வளத்தேன். ஓடுறதை ஊரு பாக்கணும். கடியாரத்தை எடுங்க.

— யாரோட போட்டி?

— இதுவரைக்கும் இங்க ஜெயிச்ச அத்தினி குதிரையோடயும். அதுல வேகமா ஓடுனது எது?

— அதே துரையோட கறுப்புக் குதிரை. யுத்தத்துக்கு முன்னால. இன்னிவரைக்கும் அந்த நேரத்தை எதுவும் தொடல.

— ரொம்ப நல்லதாப் போச்சு. டேய் தம்பி, கன்னியப்பா! ஏறி உக்காரு. நடத்தாத, உட்டு ஓட்டு.

— எக்கா, தனியா உட்டா இது புல்லு மேயப் போயிரும். பக்கத்துல இன்னொரு குளம்புச் சத்தம் கேட்டாத்தான் ரோசம் வரும்.

— நான் தெருவுல கூவிக்கிட்டு வந்தா என்னா பண்ணும்?

— கூடையில வெல்லம் இருக்குன்னு கட்டுத்தறியை அத்துக்கிட்டு வரும்.

— அப்ப நீ அந்தக் கோடிக்குப் போ. நான் கோட்டுக்கிட்ட நிக்கிறேன்.

— தனக்கொடி, இது கிளப்பும்மா! மீன் மார்க்கெட் இல்ல!

— கூவக் கூடாதுன்னு சட்டம் இருக்குதா?

— அது... இல்ல.

— கடியாரத்தைப் புடிங்க. மீனேய்ய்! மீனு, மீனு, மீனேய்ய்!

— மோன் தியோ! புறப்பட்டுருச்சு! காதைத் தூக்கிக்கிட்டு வருது பாரு!

— வஞ்சிரம், வவ்வா, மீனேய்ய்!

— தாண்டிருச்சு! தாண்டிருச்சு!

— எக்கா, கடிவாளத்துக்கு அடங்கல! கூடையைத் தூக்கிக் காட்டு!

— வாடி என் ராசாத்தி. இந்தா, தின்னு. முசியே, கடியாரம் என்னா சொல்லுது?

— கறுப்புக் குதிரையை விட ரெண்டு நொடி கம்மி.

— நெசமாவா? அழுதுருவேன் முசியே.

— நெசம். பலகையில நானே எழுதறேன்.

— அடுத்த வருசம் எவன் குதிரையாவது வந்து இதை முந்திட்டா?

— அடுத்த வருசம் பந்தயம் இல்ல, மதாம்.