காலியாகக் கிடந்த குட்டிகள் அறை

எனக்கு லேசாகச் சளி பிடித்தால்கூடக் குட்டிகள் அறைப் பக்கம் போக மாட்டேன். நமக்கு வெறும் மூக்கடைப்பாக வந்து போவது சிம்பன்சிக் குட்டிக்கு நெஞ்சில் இறங்கி உயிரையே வாங்கிவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் சார். என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள உதவும்.

காப்பகத்தில் எல்லோருக்கும் நான் பெரியம்மா. தாயைப் பறிகொடுத்து வரும் குட்டிகளை வளர்ப்பது என் வேலை. வந்த புதிதில் குட்டி எதையும் தின்னாது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். குட்டியை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே துணி துவைப்பேன், தரை துடைப்பேன், படுத்துத் தூங்குவேன். என்றாவது ஒரு நாள் அது தன் விரல்களால் என் சட்டையை இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பிடியைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பிள்ளை பெற்றவர்களுக்குக் கொஞ்சம் புரியும். நான் பெறவில்லை.

வளர்ந்ததும் காட்டில் விட்டுவிடுவோம். அதுதான் முறை. கடைசியாக விட்டவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் மரமேறிப் போனாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதற்குப் பிறகு குட்டி எதுவும் வரவில்லை. என் தம்பி காட்டுக் காவலன், உங்களுக்குத் தெரியும். அவனும் அவன் ஆட்களும் சுருக்குக் கண்ணிகளைத் தேடித் தேடி அறுத்தார்கள். மரம் வெட்டுகிறவர்கள் போட்ட பாதையை மறித்தார்கள். காட்டு இறைச்சி விற்றவர்களைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். வேட்டைச் சத்தமே ஓய்ந்துபோனது. எங்கள் டாக்டர் சின்னப் பெண், அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இந்த ரூமை இனிமே மருந்து வைக்கிற இடமா மாத்திடலாம் பெரியம்மா. இப்படி ஒரு நாள் வரணும்னுதானே இவ்வளவு பாடுபட்டோம்?"

"ஆமா கண்ணு" என்றேன்.

வீட்டில் தலையணையை நெஞ்சில் கட்டிக்கொண்டு படுத்துப் பார்த்தேன். தலையணை நம்மைப் பிடித்துக்கொள்வதில்லை.

அந்தச் சமயத்தில்தான் தம்பி சாப்பிட வந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "ஓடைக்கு அந்தப் பக்கம், பெரிய அத்திமரத்துல ஒருத்தி குட்டி போட்டிருக்கா அக்கா. கைக்குள்ள அடங்கிடும், அவ்வளவுதான் இருக்கு." தனக்கே பிள்ளை பிறந்த மாதிரி முகம். வேறு யாரிடமும் மூச்சுவிடவில்லை என்றான். நான் அவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிவிட்டு, எந்த வழியாகப் போக வேண்டும் என்று கேட்டேன்.

பழைய வேட்டைக்காரர் ஒருவர் சிறையிலிருந்து வந்து சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அவரிடம் போய் அத்திமரத்தைப் பற்றிச் சொன்னேன். "அதெல்லாம் தலைமுழுகியாச்சும்மா" என்றார். அவரைப் பிடித்துக் கொடுத்தது என் தம்பிதான் என்பதை நினைவுபடுத்தினேன். இப்போது அவன் கண்ணில் மண்ணைத் தூவ ஒரு வழி இருக்கிறது என்றும் சொன்னேன். குட்டிக்கு மட்டும் ஒரு கீறல்கூட விழக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். தாயைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அதனால் கொல்லச் சொன்னேன் என்று நீங்கள் எழுதினால் அது சரியாக இருக்காது.

உயிரோடு இருக்கிற தாய் குட்டியை விடமாட்டாள் என்பது தெரியாதா என்கிறீர்கள். தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும்போது நானே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கூட்டமே குறுக்கே வந்து விழும் என்பதும் தெரியும். தாயோடு, கூட்டத்துக் கிழச் சிம்பன்சி ஒருத்தியும் இரண்டு ஆண்களும் அப்படித்தான் செத்து விழுந்தார்களாம்.

பேசிவைத்தபடி அவர் சாலையோரம் சாக்குப்பைக்குள் போட்டுவிட்டுப் போன குட்டியைத் தம்பிதான் தூக்கி வந்தான். சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். டாக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தாள். பூட்டிக் கிடந்த அறையில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மேசைமேல் இருந்த புட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"பால் சூடா இருக்கே பெரியம்மா."

"தம்பி போன் பண்ணினான், அதான் கலந்து வச்சேன்."

அவள் புட்டியை வைத்துவிட்டு வெளியே போனாள். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே தம்பியிடம் ஏதோ கேட்டாள். அவன் இல்லையென்று தலையாட்டினான். பிறகு இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

அன்று மாலை அவன் என் வீட்டு வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்றதற்கு வரவில்லை.

"அத்திமரத்தைப் பத்தி யார்கிட்டயாவது சொன்னியா அக்கா?"

"நான் யார்கிட்டடா சொல்லப்போறேன்?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்டுபிடித்துவிட்டான் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் மரம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று உங்களிடம் வந்து சொல்லி, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். அவனை விட்டுவிடுங்கள் சார். அவன் காட்டில் இருக்க வேண்டியவன். வழி சொன்னது நான். ஆளை அனுப்பியதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

குட்டி யார் கொடுத்தாலும் பால் குடிக்க மாட்டேன் என்கிறது, சுவரையே பார்க்கிறது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். என்னை ஒரு தடவை அங்கே கூட்டிப் போங்கள். எனக்காகக் கேட்கவில்லை. அது தாயில்லாப் பிள்ளை சார். அதன் மேல் இரக்கப்பட என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?