உயரவாரியாக அடுக்கிய எட்டுப் பானைகள்

மேடையில் இருக்கும் தலைவர் ஐயா, குழுவினரே, காப்பாட்சியர் அம்மாவின் மகளே, என்னோடு சுமை தூக்கிய கூட்டாளிகளே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரொம்ப நேரம் நிற்கவும் முடியாது.

மறைந்த நம் அம்மாவைப் பாராட்டிப் பேசியவர்கள், நாலு பானை விலை போனதுதான் அவருக்கு ஒரு கறை என்றும் நாசூக்காகச் சொன்னீர்கள். அந்தக் கறை யாருடையது? என்னுடையது.

அருங்காட்சியகக் கிடங்கு ஒழுகிய வருஷம் அது. பழங்காலப் புதைகுழியில் கிடைத்த பானைகளை உள்ளறைக்கு மாற்றினோம். ஒரு குழியில் கிடைத்தது ஒரே தட்டில் இருக்க வேண்டும். தாயின் பெரிய பானை, பக்கத்தில் பிள்ளையின் சின்னப் பானை. எந்தக் குழி என்று எழுதிய சீட்டு தட்டில்தான் ஒட்டியிருந்தது, பானையில் இல்லை. இடம் பத்தாமல் நான் எல்லாவற்றையும் உயரவாரியாக அடுக்கிவிட்டேன்: தாய்ப் பானைகள் ஒரு வரிசை, பிள்ளைப் பானைகள் எட்டும் ஒரு வரிசை.

குழு வந்து பார்த்தது. "சின்னது எட்டும் ஒரே மாதிரி இருக்கு, எதுக்கு எட்டு? நாலை வித்துக் கூரை போடலாம்." மழை விடவில்லை. அம்மா கையெழுத்துப் போட்டார். விற்ற நாலையும் ஏற்றிய வண்டி போன பிறகுதான் உள்ளறைக்கு வந்தார்.

"அண்ணே, பள்ளிக்கூடப் பிள்ளைங்கள மாதிரி நிக்க வெச்சிருக்கீங்களே. எது எந்தத் தாயோட இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

"இல்லம்மா."

பொய். எனக்குப் பென்ஷனுக்கு மூன்று வருஷம் இருந்தது. பானைகள் கலந்துபோனதை விசாரித்தபோது, "நான்தான் அப்படி அடுக்கச் சொன்னேன்" என்றார் அம்மா. அவர் பதவி உயர்வு அதோடு நின்றது. தொலைந்த சாவியெல்லாம் என்னிடம் கேட்டுத்தானே தேடுவார்? என் ஞாபகம் அவருக்குத் தெரியாதா? மறுபடி கேட்கவே இல்லை. வாங்கியவருக்கு வருஷா வருஷம் எழுதினார்: திருப்பித் தர வேண்டாம், ஒரு தடவை பார்க்க விடுங்கள் என்று. பதில் இல்லை.

ஐயா, அடுத்த வாரம் மிச்ச நாலையும் விற்கப் பேசப் போகிறீர்களாம். நாளைக் காலையில் கிடங்கைத் திறந்து வையுங்கள். நாலையும் அதனதன் தாயோடு சேர்க்கிறேன். போன நாலுக்கும் இடம் விட்டு வைக்கிறேன். எது எங்கே இருந்தது என்று நான் சொல்லச் சொல்ல அம்மாவின் மகள் எழுதட்டும். அடுக்கியவன் நான்தான் என்பதையும் சேர்த்து. கீழே கைநாட்டு வைக்கிறேன்.

அதைப் படித்துவிட்டு, எது உபரி என்று சொல்லுங்கள்.