லு பூர்ஜேயில் நான் ஓடிய நாள்

ஓடுகிறேன். இடது காலில் சப்பாத்து இல்லை. தலைக்கு மேலே கிபிர். வன்னியில் குண்டு போட வந்த விமானத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். முதலில் சீலை கிழிகிற சத்தம். பிறகு நெஞ்சுக்குள் இடி. தரை அதிர்கிறது. பதுங்குகுழி தேடுகிறேன். சீமெந்துத் தரை. குழி இல்லை. ஓடுகிறேன்.

“படுங்கோ! ஓடாதேங்கோ! படுங்கோ!”

பின்னால் கத்துவது என் மனைவி பிலோமினா. நான் படுக்கவில்லை.

குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் போய் விழுந்தேன். காதைப் பொத்தினேன். வாயைத் திறந்து வைத்தேன். வெடி அதிர்வில் செவிப்பறை கிழியாமலிருக்க அப்படிச் செய்ய வேண்டும். எண்ணினேன். பன்னிரண்டு வரை எண்ணியும் குண்டு விழவில்லை. கண்ணைத் திறந்தேன். ஒரு வெள்ளைக்காரச் சோடி ஐஸ்கிறீம் குடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

2017 ஜூன். சனிக்கிழமை. பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். இடம் லு பூர்ஜே, பாரிசுக்கு வடக்கே. விமானக் கண்காட்சி. எங்கள் போர் முடிந்து எட்டு வருடம் ஆகியிருந்தது.

அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் ஏன் அங்கே போய் நின்றேன் என்பது விளங்காது. லு பூர்ஜே தட்டையான ஊர். ஓடுபாதை பெரியது, ஊர் சின்னது. ஓடுபாதையைச் சுற்றி விமான உறுப்புச் செய்கிற பட்டறைகள். காட்சியகத்து வாசலில் இரண்டு வெள்ளை ராக்கெட்டுகள் நிற்கும். பாண்கடைக்காரி கேக்கின் மேல் விமானம் கீறி விற்பாள். அந்த ஊர்ச்சனத்துக்கு ஆகாயம் என்றால் சோறு. எங்களுக்கு ஆகாயம் என்றால் வேறு. ஆனாலும் எங்களை வாழவைத்த ஊர் அது. பொய் சொல்லக்கூடாது.

நான் ஒரு பட்டறையில் வேலை செய்தேன். அலுமினியத் துண்டுகளின் ஓரத்தில் நிற்கும் பிசிறை அரத்தால் எடுக்கிற வேலை. கைரேகை தேய்ந்துபோகும். நான் பிசிறெடுத்த துண்டு எந்த விமானத்துக்குப் போகிறது என்று நான் கேட்டதில்லை. கேட்கப் பயம். எங்கே போனாலும் சம்பளம் வந்தது.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஜூனில் கண்காட்சி. ஒத்திகைச் சத்தம் ஒரு கிழமைக்கு முன்பே தொடங்கிவிடும். பிலோமினா யன்னலெல்லாம் பூட்டிவிட்டுக் குளியலறைக்குள் இருப்பாள். நான் பகிடி பண்ணுவேன். “உமக்குத்தான் பயம், எனக்கு ஒண்டுமில்லை” என்பேன். பெரிய வீரன் நான். பட்டறையில் குடும்பத்துக்கென்று மூன்று ரிக்கற் தந்தார்கள். அவளையும் ஐந்து வயது மகன் றொஷானையும் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். அவளின் பயத்தைப் போக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு போர் விமானம் செங்குத்தாக ஏறித் திரும்பிக் கீழே வந்தது. மிச்சம் மேலே சொன்னதுதான்.

நான் திரும்பி வந்தபோது அவர்கள் இருவரும் நின்ற இடத்திலேயே தரையில் கிடந்தார்கள். மகன் அடியில். அவள் மேலே. அவன் தலை அவளின் நெஞ்சுக்கடியில். அதுதான் சரியான முறை. அந்த முறையை அவளுக்குப் பழக்கியவன் நான். போர்க்காலத்தில் இரணைப்பாலையில் எல்லாருக்கும் குழி வெட்டிக் கொடுத்தவன். அவளின் கலியாணச் சேலையை வெட்டி மண்மூடை தைத்தவன். ஷெல் வந்தால் ஓடாதே, பிள்ளையை அடியில் போட்டுப் படு என்று நாலு குடும்பத்துக்குச் சொல்லிக் கொடுத்தவன். மயக்கம் போட்டுவிட்டாள் என்று நினைத்து முதலுதவிக்காரர் ஓடி வந்தார்கள். அவள் எழும்பி மகனின் முழங்காலைத் தட்டிவிட்டாள். என் ஒற்றைச் சப்பாத்தைக் கையில் தந்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

“அண்டைக்கும் இப்பிடித்தான் ஓடினனீங்களோ?”

“இல்லை” என்றேன்.

அன்றைக்கு. 2009 ஏப்ரல். முள்ளிவாய்க்கால். காலை. பிலோமினா காலில் காயப்பட்டுக் கொட்டிலில் கிடக்கிறாள். நானும் எங்கள் மூத்த மகள் ஜெனிற்றாவும் கஞ்சி வாங்க வரிசையில் நிற்கிறோம். அவளுக்கு ஆறு வயது. மஞ்சள் சட்டை. கையில் வெறும் ரின்பால் தகரப்பேணி. மேலே வண்டு சுற்றுகிறது. ஆளில்லாமல் வந்து வேவு பார்க்கும் விமானம் அது. தூரத்தில் ஷெல் குத்துகிற சத்தம் கேட்கிறது. டும். டும். டும். கூவிக்கொண்டு வந்தால் தாண்டிப் போகும். இது கூவவில்லை.

யாரோ “படு” என்று கத்தினார்கள். எல்லாரும் படுத்தார்கள். நான் ஓடினேன். அவளின் கை என் கைக்குள் இருந்தது. விட்டுவிட்டு ஓடினேன். ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்தாள். பேணியைக் கீழே விடவில்லை. பிறகு வெடித்தது. புகை.

கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தேன். வரிசை இருந்த இடத்தில் உடல்கள். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அவள் இல்லை. மஞ்சள் துணி ஒரு துண்டுகூட இல்லை. சனம் கூட்டங்கூட்டமாக நீரேரிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் சொல்லிக் கத்தினேன். அந்தக் கூட்டத்தோடு அவளும் போயிருக்கலாம். யாராவது தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். எனக்குத் தெரியாது.

கொட்டிலுக்கு வந்து பிலோமினாவிடம், மகள் செத்துவிட்டாள், மணலில் புதைத்துவிட்டேன் என்றேன். தேட விட்டால் காயக்காலோடு இழுபட்டுப் போய் அவளும் சாவாள் என்று பயந்தேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி வெட்கம். வெட்கம்தான் அதிகம்.

கண்காட்சிக்குப் பிறகு, லு பூர்ஜேயை விட்டுப் போவோம் என்று பிலோமினாதான் பிடிவாதம் பிடித்தாள். லண்டன் வந்தோம். இப்போது ஹவுன்ஸ்லோவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு. தலைக்கு மேலே ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு பயணிகள் விமானம். அவை எங்களை ஒன்றும் செய்வதில்லை. நான் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற ஷிப்டுக்குப் போகிறேன்.

நவம்பரில் மாதா கோயிலில் இறந்தோருக்காகப் பூசை நடக்கும். பெயர் எழுத ஒரு தாள் தருவார்கள். ஒவ்வொரு வருடமும் பிலோமினாதான் எழுதுவாள். இந்த வருடம் கண்ணில் ஒப்பரேசன். என்னை எழுதச் சொன்னாள். சமையலறை மேசை. ஞாயிறு காலை எட்டு மணி. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்று பெயர் எழுதினேன். நாலாவது ஜெனிற்றா. பேனை நகரவில்லை. என் கையால் அந்தப் பெயரை அந்தத் தாளில் எழுத எனக்கு ஏலாமல் போய்விட்டது.

“எழுதிட்டீங்களோ?”

“பிலோமினா, நான் அவளைப் புதைக்கேல்லை. கையை விட்டிட்டு ஓடினனான். திரும்பி வரேக்க ஆளைக் காணேல்லை.”

அவள் மேசையைத் தடவித் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். கண்ணில் கட்டு இருந்தது. அவளின் முகத்தில் என்ன இருந்தது என்று என்னால் பார்க்க முடியவில்லை.

“பதினாறு வருசம் உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆன்ம இளைப்பாற்றிப் பூசை குடுத்தனானோ? மற்றத் தாய்மார் காணாமப்போன பிள்ளையளின்ர படத்தோட ஊரில றோட்டில நிண்டு கேக்கேக்க, நான் இஞ்ச மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு இருந்தனான்.”

றொஷான் படியில் நின்று கேட்டிருக்கிறான். “அப்பா, ஸோ அக்கா மைட் பீ அலைவ்?” என்றான். ஓம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. இல்லை சொல்ல உரிமை இல்லை.

பிலோமினா என்னை மன்னிக்கவில்லை. மன்னிப்பாள் என்று எதிர்பார்த்து இதை எழுதவும் இல்லை. காணாமற்போனவர்களைப் பதிகிறவர்களுக்கு அனுப்புங்கோ என்று அவள் சொன்னதால் எழுதுகிறேன். அகதி விண்ணப்பத்தில் நான் கொடுத்த கணக்குப் பிழை. சரியான கணக்கு இது.

போனவை: மடுப் பக்கம் ஒரு கல்வீடு. ஒரு லான்ட் மாஸ்டர் உழவு இயந்திரம். ஒரு கலியாணச் சேலை.

இறந்தவர்கள் மூன்று பேர். என் அப்பா, சுதந்திரபுரத்தில். மாமியார், இரணைப்பாலையில். மனைவியின் தம்பி, முள்ளிவாய்க்காலில். மூவரையும் என் கையால் புதைத்தேன்.

காணாமற்போனவர் ஒருத்தி. ஜெனிற்றா. அப்போது வயது ஆறு, இப்போது இருபத்திரண்டு. கடைசியாகக் கண்டவன் தகப்பன். கண்டபோது உயிரோடு நின்றாள்.