றூபன் பாடிய வருடம்

இந்த வருடம் வந்த சினிமாப் பாட்டுகளில் ஒன்றுகூட என் பட்டியலில் இல்லை. ஒவ்வொரு மார்கழியும் அந்த ஆண்டில் எனக்குப் பிடித்த பத்துப் பாட்டு, ஐந்து பகிடி என்று ஒரு கொப்பியில் எழுதிவைப்பது என் பழக்கம். தேவாலயப் பாடகர் குழுவில் இருபது வருடமாகப் பாடுகிறேன், அதனால் என் காது கொஞ்சம் கறார். பகிடியிலும் அப்படித்தான். வைகாசியில் ஸ்காபரோவில் ஒரு சிரிப்பு நிகழ்ச்சிக்குப் போனேன். மேடையில் நின்றவர் ஒன்றரை மணித்தியாலம் தன் மனைவியின் சமையலைப் பற்றியே பேசினார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் கொட்டாவி விட்டேன்.

நடந்ததைத் தமிழிலேயே எழுதித் தரலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்று பொலிஸ் நிலையத்தில் சொன்னீர்கள். நன்றி. கொப்பி உங்களிடம் இருப்பதால் நினைவில் இருந்து எழுதுகிறேன். இந்த வருடப் பட்டியலில் பத்துப் பாட்டும் ஐந்து பகிடியும் ஒரே ஆளுடையவை. என் கணவர் றூபன்.

கல்யாணத்துக்கு முன் அவர் யாழ்ப்பாணம் குருநகரில் மேடை நாடகங்களில் பாடினார். அந்தக் குரலுக்காகத்தான் வீட்டில் சண்டை பிடித்து அவரைக் கட்டினேன். கனடாவுக்கு வந்து சில வருடங்களில் அவருக்கு மனவருத்தம் வந்தது. நாட்கணக்காக நித்திரை இல்லாமல் பாடுவார், பேசுவார், பிறகு பயந்துபோய் அலுமாரிக்குள் ஒளிந்திருப்பார். டொக்டர் வெள்ளைக் குளிசை எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் அவர் ஒரு நேரம்கூடத் தவறவிடவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார், படுத்தார். நல்ல மனிதன். ஆனால் ஒரு வரி பாடவில்லை. மகள் நிலாணியும் ஒட்டாவாவுக்குப் போனபின் வீட்டில் பிரிட்ஜின் சத்தம்தான் எனக்குப் பேச்சுத்துணை.

தை மாதப் பனிப்புயலில் மருந்து வர ஆறு நாள் பிந்தியது. ஏழாம் நாள் குளியலறைக்குள் இருந்து பாட்டுக் கேட்டது. துவாயோடு கதவடியில் நின்று அழுதேன். அது பட்டியலில் பத்தாவது. குளிசை வந்து இரண்டு கிழமையில் குரல் திரும்பவும் போய்விட்டது. என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை.

மாசியில் விற்றமின் குளிசை வாங்கினேன். அதே அளவு, அதே வெள்ளை, நடுவில் ஒரு கோடு. மருந்துப் போத்தலைக் கழுவித் துடைத்து அதற்குள் நிரப்பினேன். உண்மையான குளிசைகளை என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். மாதாமாதம் கழிவறையில் போட்டுத் தண்ணீர் அடித்தேன்.

பங்குனிக்குள் றூபன் வந்துவிட்டார். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பூசையில் பாதர் இருமுவதுபோல் இருமிக் காட்டினார். லிப்டில் ஏறியவர்களுக்கு விமானப் பணிப்பெண்போல் அறிவிப்புச் செய்தார். ஆனியில் மோர்னிங்சைட் பூங்காவில் பாடகர் குழுவின் ஒன்றுகூடலில் ஏழு பாட்டுப் பாடினார். குழுவில் என்னோடு பாடும் கௌசி என் கையைப் பிடித்துக்கொண்டு, “கிளடிஸ் அக்கா, குடுத்துவைச்சனீங்கள். அண்ணை இவ்வளவு நாளும் எங்க இருந்தவர்?” என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒவ்வொரு பாட்டையும் போனில் எடுத்தேன்.

ஆவணியில் அவருக்கு நித்திரை குறைந்தது. புரட்டாதியில் தன் குளிர் அங்கிகளை எல்லாம் பஸ் தரிப்பிடத்தில் நின்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். வேலையில் இருந்து நிறுத்தினார்கள். நிலாணி ஒவ்வொரு ஞாயிறும் கேட்டாள்: “அம்மா, அப்பா மெட்ஸ் ஒழுங்கா எடுக்கிறாரோ?”

“ஓம் பிள்ளை, நான் என்ர கையாலதான் குடுக்கிறன்” என்றேன். அதில் பொய் இல்லை.

அவருக்கே விளங்கியிருந்தது. ஒருநாள் குசினி மேசையில் போத்தலை வைத்துக்கொண்டு, “கிளடிஸ், உந்தக் குளிசை வேலை செய்யேல்லைப் போல கிடக்கு. எனக்குப் பயமாயிருக்கு. டொக்டரிட்டைப் போவம்” என்றார். கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் அளவை இரட்டிப்பாக்கினார், உடம்பில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க இரத்தம் சோதிக்கவும் எழுதிக் கொடுத்தார். இரத்தம் கொடுக்க நாங்கள் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து இரண்டு இரண்டு குளிசையாகக் கொடுத்தேன். அவர் விழுங்கிவிட்டு, “இனிச் சரியாகிடும், என்ன?” என்று என் முகத்தைப் பார்த்தார். நான் குசினிப் பக்கம் திரும்பிச் சிரித்தேன். பகிடிகளில் அதைத்தான் முதலாவதாக எழுதியிருக்கிறேன். நீங்கள் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டியபோது நிலாணி எழுந்து வெளியே போய்விட்டாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பகிடி விளங்காது.

மார்கழியில் இரண்டு தடவை, “என்னை ஹொஸ்பிட்டலுக்குக் கொண்டுபோம்” என்று அழுதார். ஹொஸ்பிட்டலில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? “நாளைக்குப் பாப்பம். முதல்ல உந்தப் பாட்டை முடியுங்கோ” என்றேன். முடித்தார். பட்டியலில் மூன்றாவதும் இரண்டாவதும் அந்த இரண்டு நாள் பாட்டுகள்தான்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்தோம். பகல் இரண்டு மணி. அவர் பல்கனிக்கு ஸ்டூலைக் கொண்டுபோய் ஏறி நின்றார். கீழே கார்களில் பனி தட்டிக்கொண்டிருந்த சனத்துக்குப் பாடப்போவதாகச் சொன்னார். எங்களுடையது பதினோராம் மாடி. நான் மறிக்கவில்லை. போனில் படம் எடுக்கத் தொடங்கினேன். யேசு பிறப்புக்கு அவரே கட்டிய பாலன் பாட்டு. முப்பது வருடத்துக்கு முன் நான் கேட்ட அதே குரல், ஒரு துளி குறையாமல். இரண்டாவது அடியில் ஒரு காலைத் தூக்கிக் கம்பியில் வைத்தார். அங்கே உறைபனி படிந்திருந்தது. நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். கையை நீட்டினால் சேர்ட்டு அகப்பட்டிருக்கும்.

கால் வழுக்கத் தொடங்கியபோது என் பக்கம் திரும்பினார். “கிளடிஸ், என்னைப் பிடியும்” என்றார்.

நான் பிடிக்கவில்லை. பிடித்தால் படம் ஆடிவிடும். அது பாட்டில் இல்லாத வரி என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நீங்களே இன்னொரு தரம் போட்டுக் கேளுங்கள். அதையும் அவர் சுருதி விலகாமல்தான் கேட்டார்.