பத்தாவது பாட்டின் அடியில் ஒரு நிமிடம்

மதிப்புக்குரிய லிண்ட்க்விஸ்ட் போதகர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எல்டனின் மனைவி, எங்கள் ரோவீனா அவர்களே, விளைந்த சோளத்தை வயலில் நிறுத்திவிட்டு இந்தப் படைவீரர் மன்றத்துக்கு வந்திருக்கும் வேன்ட்லி ஊர்ப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் என் கனத்த நெஞ்சின் வணக்கம்.

பாடகர் எல்டன் ருபெக் மறைந்து ஒன்பது நாள் ஆகிறது. முப்பத்தோரு ஆண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டீல் கிதார் வாசித்தவன், அவர் பாடியதையெல்லாம் பதிவு செய்தவன் என்ற உரிமையில் இந்த விர்ஜில் ஸ்டாட் பேச வந்திருக்கிறேன். எனக்குப் பேச்சு வராது. வாசிக்கச் சொல்லியிருந்தால் நிம்மதியாக வாசித்துவிட்டுப் போயிருப்பேன்.

எல்டன் யார்? கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் மினுக்கை ஏறெடுத்தும் பாராத கன்ட்ரி பாடகர்! நெப்ராஸ்காவில் இந்த ஊரைத் தவிர வேறெதையும் பாட மறுத்த பிடிவாதக்காரர்! அவருடைய ‘மெயின் தெரு’ இசைத்தட்டுக்கு அவர் போட்ட திட்டம் பத்துப் பாட்டு. பாட்டுக்கு ஒரு வீடு. தானியக் கிடங்கில் தொடங்கிக் கல்லறைத் தோட்டம் வரை நடந்துகொண்டே பாடுவது போல. ஒவ்வொரு பாட்டின் அடியிலும் அந்தந்த வீட்டின் மௌனத்தை ஒரு நிமிடம் பதிவு செய்து சேர்க்க வேண்டும் என்றார்.

“டேய் விர்ஜில், சும்மா கெடக்கற வீட்டுக்கும் ஒரு சத்தம் உண்டுடா. அதுமேல நின்னுதான் நான் பாடணும்.”

“ஒனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு.”

“இன்னிக்குத்தான் கண்டுபுடிச்சியா?”

வீடு வீடாகப் போனோம். உங்களையெல்லாம் வெளியே நிற்க வைத்துக் கதவைச் சாத்தினோம். பிரிட்ஜ் இரையும் என்று அதன் பிளக்கைப் பிடுங்கினோம். திரும்ப மாட்ட மறந்துவிடக் கூடாதே, அதற்காக எல்டன் தன் வண்டிச் சாவியை பிரிட்ஜுக்குள் போட்டுவைப்பார். அப்படியும் ஒரு வீட்டில் பேச்சு மும்முரத்தில் வண்டியையே மறந்து, இரண்டு மைல் நடந்தே வந்துவிட்டோம். அவர்கள் வைத்திருந்த மான்கறி கெட்டுப்போனது. அந்த வீட்டுக்காரர் இங்கேதான் இருக்கிறார், இன்னும் என்னை முறைக்கிறார்.

சிரியுங்கள், எல்டனுக்குப் பிடிக்கும். ஆனால் அடுத்துச் சொல்லப் போவதற்கு எனக்குச் சிரிப்பு வராது.

மூன்றாவது பாட்டு எல்வா நூட்சன் அம்மையாருடைய வீடு. அவர் கணவர் ஆர்விட் இறந்து அப்போது ஆறு ஆண்டு. பதிவு முடிந்ததும் அம்மையாரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், எழுந்து பின்படிப் பக்கம் போய்விட்டார். நான் பின்னால் போட்டுப் பார்த்தேன். பின்படியில் யாரோ சேற்றுக் காலணியைத் தட்டுகிற மாதிரி மூன்று தட்டு. ஜன்னல் கதவு அடித்துக்கொள்கிறது என்று நினைத்தேன். அதை வெட்டிச் சுத்தம் செய்தேன், பழைய ஒலிநாடாவின் மேலேயே வேறு பதிவும் செய்துவிட்டேன். அது என் தொழில், அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

பத்தாவது பாட்டு பாக்கி நிற்க, ஒன்பது பாட்டோடு இசைத்தட்டு வந்தது. மறுநாள் காலை அம்மையார் என் பட்டறை வாசலில் நின்றார்.

“ஏம்பா விர்ஜில், எங்க வீட்டுக்காரர எங்க வச்சிருக்க?”

“என்னம்மா கேக்கறீங்க?”

“மூணு தட்டு தட்டிட்டுத்தான் உள்ள வருவாரு. மொதல்ல போட்டுக் காட்டுனப்ப இருந்துச்சே.”

“இரைச்சல்னு நெனச்சு அழிச்சுட்டேம்மா.”

“ஆறு வருஷம் கழிச்சு மனுசன் வீடு வந்து சேந்தாரு. நீ படியோட திருப்பி அனுப்பிட்டியே!”

நானும் எல்டனும் நான்கு முறை அந்த வீட்டுக்குப் போய்ப் பதிவு செய்தோம். கடிகாரம் மட்டும்தான் கேட்டது. போன வசந்தத்தில் அம்மையாரும் போய்விட்டார். என்னை மன்னித்தாரா? தெரியாது. கேட்க எனக்குத் துணிவிருந்ததில்லை.

அதன் பிறகு நீங்கள் எல்லோரும் உங்கள் வீட்டுப் பாட்டை ஒலிபெருக்கிப் பெட்டியோடு காதை வைத்துக் கேட்டீர்கள். யார் என்ன கேட்டீர்கள் என்று நான் விசாரிக்கவில்லை. காற்று என்றார் போதகர் அவர்கள். இருக்கட்டும். அவர் வீட்டுப் பாட்டை மட்டும் அவர் இன்றுவரை முழுதாகக் கேட்டதில்லை!

பத்தாவது பாட்டு எல்டனுடைய வீடு. பாடி முடித்துவிட்டார். மௌனம் மட்டும் பாக்கி. “நான் இருக்கற வரைக்கும் அந்த வீடு வாய மூடாதுடா. நான் போனப்பறம் எடு” என்றார். நேற்று ரோவீனாவிடம் போய்க் கேட்டேன்.

“வீட்டுல வேணாம் விர்ஜில். நான் அங்கதான் தெனமும் படுத்து எந்திரிக்கணும். அவரு சத்தம் கேட்டா நான் என்ன பண்ணுவேன்? கேக்கலன்னா என்ன பண்ணுவேன்?”

வாசல் வரை வழியனுப்ப வந்தபோது அவரே சொன்னார். “மன்றத்துல எடு. ஊரே இருக்கறப்ப எனக்குத் தைரியமா இருக்கும்.”

ஆகவே பெருமக்களே, மறைந்த நம் எல்டனுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காப்போம். இந்த மைக் ஓடிக்கொண்டிருக்கும். ‘மெயின் தெரு’வை நான் முடித்தே தீருவேன். எல்வா அம்மையாரின் மேல் ஆணை, இந்த நிமிடத்தில் எது விழுந்தாலும் ஒரு தூசைக்கூட வெட்ட மாட்டேன்.

(அவை எழுந்து நின்றது.)

நன்றி. அமருங்கள். நாற்காலியை இழுக்காமல் அமருங்கள்.

ரோவீனா, அழாதே அம்மா. உன்மேல் யாருக்கும் கோபம் இல்லை. நடுவில் நீ வாசலைத் திரும்பிப் பார்த்து, “இதோ வர்றேன், கத்தாதீங்க” என்றாய். எங்கள் யார் காதிலும் ஒரு கத்தலும் விழவில்லை. ஆனால் உன் குரல் நாடாவில் ஏறிவிட்டது. இனி நீ என்னிடம் கெஞ்சினாலும் அதை அழிக்க மாட்டேன்.